கடல்தொட்டியில் ஓர் இடம்

ஏற்காட்டில் குளிர் வந்துவிட்டால் ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியும். ஆஃப்ரின் வீட்டு மீன்களுக்கு மட்டும் ஹீட்டர்.

இதில் ஆஃப்ரினுடைய அம்மா பர்ஹானாவுக்குப் பெரிய மனக்குறை.

"ஏனுங்க, நமக்குக் கை கழுவக்கூட சுடுதண்ணி கெடையாது. உங்க மீனுக்கு மட்டும் ராத்திரி பகலா வெதுவெதுன்னு தண்ணி. நானும் பேசாம அந்தத் தொட்டிக்குள்ளயே குடி போயிரட்டுங்களா?" என்று அடிக்கடி கேட்பார்.

அத்தா நூர் முகமது தொட்டியைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்.

அத்தாவுக்கு ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் ஸ்வெட்டர், குல்லா விற்கும் கடை. கடையில் நிற்கும்போது ஸ்வெட்டரைப் பற்றிப் பேசுவார். மற்ற நேரமெல்லாம் தொட்டியைப் பற்றியே பேசுவார்.

அது சாதாரண மீன்தொட்டி இல்லை. உள்ளே இருந்தது கடல் தண்ணீர். மலைமேல் கடலுக்கு எங்கே போவது? அதற்கென்று விற்கிற உப்பை மூட்டையாக வாங்கிவந்து, நல்ல தண்ணீரில் கலந்து, அத்தாவே ஒரு குட்டிக் கடலைத் தயாரித்துவிட்டார். அதில் பாறைகளை அடுக்கினார். பாறைமேல் ஊதாவும் பச்சையுமாகப் பவளங்கள் மெல்ல வளர்ந்தன. அவற்றின் நடுவில் இரண்டு சிறிய கோமாளி மீன்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடின.

ஒரு நாள் அத்தா ஆஃப்ரினைக் கூப்பிட்டார்.

"கண்ணு, தொட்டியில இன்னும் ஒரே ஒரு மீனுக்குத்தான் எடம் இருக்குது. அதுக்கு மேல விட்டா தண்ணி தாங்காது. அந்த ஒண்ணு நல்ல ஷோ பீஸா இருக்கோணும். வர்றவங்கெல்லாம் வாயைப் பொளந்து பாக்கோணும். எந்த மீனுன்னு நீயே சொல்லு."

ஆஃப்ரினுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தாவின் கைபேசியை வாங்கி மீன் படங்களாகப் பார்த்துத் தள்ளினாள். கடைசியில் ஒரு படத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. அதன் பெயர் மாண்டரின். உடம்பெல்லாம் பளிச்சென்ற நீலம். அதன்மேல் ஆரஞ்சுக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின.

அதோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் படிக்கிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"எங்க ஊட்டுக்கு ஒரு மீன் வருது. நீலக் கலரு. அது நீந்தறதைவிட நடக்கறதுதான் அதிகம். துடுப்பை ஊணி ஊணி நடக்கும். ஏற்காட்டுலயே யாரும் பாத்திருக்க மாட்டாங்க," என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"மீனு நடக்குமாமா! சும்மா அளக்காத," என்றான் ஸ்டெபின்.

"ஞாயித்துக்கெழம வந்து பாரு."

"வர்றேன். பாத்துட்டு வந்து திங்கக்கெழம எல்லாருக்கும் சொல்றேன். மீன் இல்லைன்னா அதையும் சொல்லுவேன்."

கட்டாயம் சொல்லுவான் என்று ஆஃப்ரினுக்குத் தெரியும். டீச்சர் படியில் கால் தடுக்கியதைக்கூட மூன்று வகுப்புகளுக்கு ஓடிப்போய்ச் சொன்னவன் ஸ்டெபின்.

சனிக்கிழமை காலையில் அத்தாவும் ஆஃப்ரினும் சேலத்துக்குக் கிளம்பினார்கள். அம்மா வாசல்வரை வந்தார்.

"எந்த மீனை வேணாலும் கூட்டிட்டு வாங்க. ஆனா அது என்ன சாப்புடும்னு மொதல்லயே கேட்டுக்குங்க."

அம்மா இப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு.

போன நோன்புப் பெருநாளுக்கு, ஆஃப்ரினின் உயிர்த்தோழி ஆன்மேரியின் குடும்பத்தைக் கிளியூரிலிருந்து விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அண்டா நிறைய மட்டன் பிரியாணி. தால்ச்சாவிலும் எலும்பு. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அது அவர்களுக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் கறியைத் தொடமாட்டார்கள்.

ஆன்மேரியின் அப்பா ஆண்டனி ராஜ் நல்ல மனிதர். முகம் கோணாமல், "எனக்குத் தயிர்ப் பச்சடின்னா உசுருங்க," என்று சொல்லி, வெங்காயப் பச்சடியை மட்டுமே கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு மனசு ஆறவே இல்லை. "வூட்டுக்குக் கூப்புட்டு வெச்சுப் பட்டினி போட்டுட்டனே!" என்று ஒரு வாரம் புலம்பினார். அன்றிலிருந்து, காஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால்கூட, "நீங்க என்ன சாப்புடுவீங்க?" என்று கேட்காமல் விடமாட்டார்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் வளைந்து வளைந்து இறங்கியது. சேலத்தில் நல்ல வெயில். ஆஃப்ரின் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

மீன்கடைக்குள் நுழைந்ததுமே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அத்தா! இங்க வாங்க, சீக்கிரம்!"

படத்தில் பார்த்ததைவிட நேரில் அது இன்னும் அழகு. யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் வரைந்ததுபோல் இருந்தது. துடுப்புகளை ஊன்றி, தொட்டியின் தரையில் மெல்ல நடந்தது. உண்மையாகவே நடந்தது!

அத்தாவும் மயங்கிப் போனார். "மாதேஸ்வரண்ணா, இதைப் புடிச்சுப் பையில போட்டுருங்க," என்று சொல்லியே விட்டார்.

கடைக்காரர் மாதேஸ்வரன் ஒரு கையில் வலை, இன்னொரு கையில் போன் என்று பரபரப்பாக இருந்தார். ஆஃப்ரினுக்கு அப்போதுதான் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"அண்ணா, இது என்ன சாப்புடுமுங்க?"

"மத்த மீனு தின்றதைத்தான் தின்னும் கண்ணு."

"சாப்புடறதை ஒருக்கா பாக்கட்டுங்களா?"

மாதேஸ்வரன் ஒரு சிட்டிகை தீனியைத் தூவினார். மற்ற மீன்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. மாண்டரின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு துணுக்கு நேராக அதன் மூக்கின்மேலேயே விழுந்தது. அது ஒதுங்கி நடந்தது.

ஆஃப்ரின் குனிந்து, தரையோடு தரையாகப் பார்த்தாள். நீலமும் ஆரஞ்சும் இருந்த அந்த உடம்பில், வயிறு மட்டும் உள்ளே ஒட்டிப்போயிருந்தது.

"இதுக்குப் பசிக்குதுங்கண்ணா. ஆனா சாப்புட மாட்டேங்குது."

மாதேஸ்வரன் போனைக் கீழே வைத்தார். அவரும் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"உள்ளதைச் சொல்லிடறனுங்க. இது பாறையில ஊர்ற பூச்சியத்தான் பொறுக்கித் தின்னும். நம்ம கண்ணுக்கே சரியாத் தெரியாத பூச்சி. உசுரோட இருக்கோணும். வெடிஞ்சதுல இருந்து பொழுது போற வரைக்கும் பொறுக்கிக்கிட்டே இருக்கோணும். உங்க தொட்டி எத்தனை அடிங்க?"

"மூணடி," என்றார் அத்தா.

"கொஞ்ச நாள்ல பூச்சி தீந்துருமுங்க."

"அப்பறம்?" என்று கேட்டாள் ஆஃப்ரின்.

மாதேஸ்வரன் கையிலிருந்த வலையை ஆணியில் மாட்டினார்.

அத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. "வேற தீனிக்குப் பழக்கிப் பாக்கலாமே? சில பேரு பழக்கியிருக்காங்கன்னு படிச்சேன்," என்று இழுத்தார்.

ஆஃப்ரினுக்கும் அதே ஆசைதான். அவளுக்கு ஸ்டெபினின் முகம் கண்ணெதிரே வந்தது. நாளைக்கு அவன் வருவான். நாளைக்கு ஒரு நாள் இந்த மீன் தொட்டியில் நடந்தால் போதும், அவன் வாயடைத்துப் போவான். நாளைக்கு இது நிச்சயம் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு தினமும் அவள் தீனி போடுவாள். தினமும் அது ஒதுங்கி நடக்கும்.

ஆஃப்ரின் நிமிர்ந்தாள்.

"வேண்டாங்கத்தா. நம்ம ஊட்டுக்கு வந்தா அதுக்குத் தெனமும் தயிர்ப் பச்சடிதான்."

மாதேஸ்வரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தா சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "நெசந்தான் கண்ணு," என்று அவள் தலையைத் தொட்டார்.

ஆனால் ஆஃப்ரின் நகரவில்லை. கடை வாசலில், ஆளுயரத்துக்கு ஒரு பெரிய கடல்தொட்டி இருந்தது. உள்ளே பாசி படர்ந்த பழைய பாறைகள்.

"அண்ணா, அந்தத் தொட்டியில பூச்சி இருக்குமுங்களா?"

"நெறைய இருக்கும். அது கடை அழகுக்குன்னு வெச்சது கண்ணு. விக்கற மீனை அதுல விடறதில்ல."

"இதுவும் அழகாத்தானுங்க இருக்குது."

மாதேஸ்வரன் அவளைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். பிறகு வலையை எடுத்தார்.

பெரிய தொட்டிக்குள் போன மாண்டரின் சற்று நேரம் திகைத்து நின்றது. மெல்ல ஒரு பாறைப் பக்கம் நடந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு கொத்து கொத்தியது. நகர்ந்தது. இன்னொரு கொத்து. அப்புறம் நிறுத்தவே இல்லை.

"சாப்புடுது!" என்று கத்தியது ஆஃப்ரின் இல்லை, அத்தா.

"பெரிய தொட்டி வெச்சிருக்கறவங்க வந்து கேட்டாத்தான் இனி இதைக் குடுப்பேன்," என்றார் மாதேஸ்வரன். "நீ வேற பாரு கண்ணு."

ஆஃப்ரின் வேறு பார்த்தாள். சிறகு விரித்துக்கொண்டு ராஜாவைப்போல் ஒரு சிங்கமீன் மிதந்தது.

"இது என்ன சாப்புடுமுங்க?"

"சின்ன மீனுங்க எல்லாத்தையும்."

கோமாளி மீன்களை நினைத்து ஆஃப்ரின் இரண்டடி தள்ளிப் போனாள். பக்கத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பட்டாம்பூச்சி மீன்.

"இது?"

"பவளத்தைக் கொத்தும்."

அத்தா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

கடைசியில், கீழ்த்தட்டில் ஒரு சிறிய தொட்டி. உள்ளே வெறும் மணலும் இரண்டு கற்களும். கல்லுக்கடியிலிருந்து ஒரு மஞ்சள் முகம் மட்டும் எட்டிப் பார்த்தது. தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி கோபமான முகம்.

"இது என்ன சாப்புடுமுங்க?" என்று ஆஃப்ரின் நம்பிக்கை இல்லாமல் கேட்டாள்.

மாதேஸ்வரன் தீனியைப் போட்டார். மஞ்சள் மீன் சட்டென்று பாய்ந்து ஒரு வாய் கவ்வியது. பழையபடி கல்லடி வளையின் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"எதைப் போட்டாலும் தின்னும். கோபின்னு பேரு. வாட்ச்மேன் மீனுன்னும் சொல்லுவாங்க. தனியா இல்ல, கூட ஆளு இருக்குது. கொஞ்சம் பொறு."

பொறுத்தார்கள். வளைக்குள்ளிருந்து, ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்த பழுப்பு இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதன் மீசை ஒன்று மீனின் வாலைத் தொட்டபடியே இருந்தது. மணலை வெளியே கொட்டிவிட்டு உள்ளே போனது.

"இறாலுக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதுங்க. வளை தோண்டறது அது. வாசல்ல காவல் இருக்கறது மீனு. ஆபத்துன்னா மீனு வாலை ஆட்டும். ரெண்டும் உள்ள ஓடிரும்."

ஆஃப்ரின் மூச்சுவிட மறந்தாள். இப்படி ஒரு சிநேகிதத்தை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

"அத்தா, இதுங்க. இதேதான். ஆனா ஒருத்தருக்குத்தான எடம்?"

அத்தா யோசித்தார். "இறாலெல்லாம் மீன் கணக்குல வராது," என்று தீர்ப்புச் சொன்னார்.

இரண்டும் தெர்மகோல் பெட்டியில் மலையேறின. ஒவ்வொரு வளைவிலும் ஆஃப்ரின் பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டில் அத்தா பொறுமையாகத் தண்ணீரைக் கலந்து, பழக்கி, அவற்றைத் தொட்டிக்குள் விட்டார்.

விட்டதுதான் தெரியும். இரண்டும் பாறைக்கடியில் போய் ஒளிந்துகொண்டன. ராத்திரி எட்டிப் பார்த்தாள், இல்லை. காலையில் பார்த்தாள், இல்லை. பாறைக்கு முன்னால் ஒரு கை மணல் மட்டும் புதிதாகக் குவிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டெபின் கரடியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். மாதா கோவிலில் பூசை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஆன்மேரியும் வந்துவிட்டாள்.

"நீ என்ன சாப்புடுவ சாமி?" என்று ஸ்டெபினிடம் அம்மா கேட்டார்.

"எது குடுத்தாலும் சாப்புடுவனுங்க," என்றான் அவன். அம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு தட்டு பஜ்ஜியை முடித்துவிட்டு ஸ்டெபின் தொட்டிக்கு முன்னால் நின்றான்.

"எங்க நீல மீனு?"

"அதைக் கூட்டிட்டு வரல. எங்க தொட்டியில அதுக்குச் சாப்பாடு இல்ல."

"பின்ன எது வந்துச்சு?"

"மஞ்சளா ஒரு மீனு. கூட ஒரு இறாலு."

"எங்க?"

"அந்தக் கல்லுக்கு அடியில."

ஸ்டெபின் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "கண்ணுக்கே தெரியாத ஷோ பீஸு! நாளைக்கு இருக்குது உனக்கு."

ஆஃப்ரினின் முகம் தொங்கிப் போயிற்று. ஸ்டெபின் கண்ணாடியைத் தட்டக் கை ஓங்கினான். அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"தட்டாத. பயந்துக்கும்."

"சரி, அந்தக் கல்லை மட்டும் லேசா நகத்து. ஒருக்கா பாத்துட்டுப் போறேன். கரடியூர் பஸ் வந்துரும்."

நகர்த்தியிருக்கலாம். கையை விட்டால் எட்டுகிற தூரம்தான். ஆஃப்ரின் தொட்டிக்குள் பார்த்தாள். பாறைக்கு முன்னால் அந்த மணல் குவியல் காலையில் இருந்ததைவிடப் பெரிதாகியிருந்தது. வந்த நேரத்திலிருந்து உள்ளே யாரோ ஓயாமல் வேலை செய்திருக்கிறார்கள்.

"மாட்டேன். அதுங்க இப்பத்தான் ஊடு கட்டுதுங்க. நகத்துனா இடிஞ்சு போயிரும்."

"அப்ப நான் போயி என்னன்னு சொல்றது?"

"மீனு இல்லைன்னே சொல்லிக்கோ."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. ஸ்டெபின் சிரிப்பதை நிறுத்தினான். அவன் வாய்தான் நீளம், மனசு அப்படி இல்லை.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதுல்ல? கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கலாமே," என்றாள் ஆன்மேரி.

ஆஃப்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாயைத் தொட்டியிலிருந்து தள்ளி விரித்தாள். "நம்ம நெழலு தண்ணியில விழக் கூடாது. பேசக் கூடாது. ஆடக் கூடாது."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஸ்டெபின் பேசாமல் இருந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே பனி மூடிக்கொண்டு வந்தது. கோமாளி மீன்கள் சுற்றின. ஸ்டெபினுக்குக் கால் மரத்தது. அவன் வாயைத் திறந்தான்.

டப்!

மூவரும் பதறிப்போய் எழுந்தார்கள்.

"கண்ணாடி ஒடைஞ்சுருச்சா?" என்று ஸ்டெபின் அலறினான்.

கண்ணாடி அப்படியேதான் இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். மாதேஸ்வரனைப் போனில் கேட்கலாம் என்றால் அத்தா கடையில் இருந்தார். ஆஃப்ரினே கண்டுபிடித்தாள்.

"இறாலு! அதுக்கு ஒரு கொடுக்கு பெருசு. அதைத்தான் படக்குன்னு மூடியிருக்கும். அங்கதான் இருக்குது!"

மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே ஸ்டெபின் வாயைப் பொத்திக்கொண்டான்.

பாறைக்கடியில் முதலில் ஒரு கோபமான மஞ்சள் முகம் தெரிந்தது. இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. வாசலில் வந்து அமர்ந்தது. மஞ்சள் உடம்பில் நீலப் பொட்டுகள் விளக்கொளியில் மின்னின. அதன் பின்னால், மணலை முட்டித் தள்ளிக்கொண்டு இறால் வந்தது. நீள மீசை மீனின் வாலைத் தொட்டபடி இருந்தது.

"இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மீனைத் தொட்டுக்கிட்டேதான் வேலை செய்யும்," என்று ஆஃப்ரின் காதோடு சொன்னாள்.

ஸ்டெபின் தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்தான். மீனின் வால் படபடவென்று ஆடியது. ஒரு நொடிதான், இரண்டையும் காணோம்.

"ஐயோ, என்னால போயிருச்சு," என்றான் ஸ்டெபின். நிஜமாகவே வருத்தப்பட்டான். அவனாகவே பாயின் மறு ஓரத்துக்கு நகர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்தான்.

சற்று நேரத்தில் மஞ்சள் முகம் திரும்ப வந்தது. இறாலும் வந்தது. ஒரு கொட்டு மணல். இன்னொரு கொட்டு. நடுவில் பெரிய சிப்பித் துண்டு ஒன்று வழியில் மாட்டிக்கொண்டது. இறால் அதைப் பிடித்து இழுத்தது, உருட்டியது, விழுந்தது, மறுபடி பிடித்தது. மீன் அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தடாலென்று திறந்தது. அத்தா கடையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார்.

"ஸ்டெபின்! கரடியூர் பஸ் வந்துருச்சு! ஓடு ஓடு!"

"ஷ்ஷ்ஷ்!" என்றான் ஸ்டெபின், திரும்பாமலே. "அடுத்த பஸ்ஸுல போய்க்கறனுங்க. கொஞ்சம் சத்தம் போடாம வாங்க, இங்க வேலை நடந்துக்கிட்டு இருக்குது."

ஆஃப்ரினுக்குச் சந்தோஷத்தில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்வெட்டர் கையைக் கடித்துக்கொண்டாள். அத்தா தன் சொந்த வீட்டுக்குள்ளேயே நுனிக்காலில் நடந்து வந்து, ஸ்டெபின் விட்டுக்கொடுத்த கொஞ்சம் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.